கண்ணை மூடிக் கேட்டவர்கள்

மலைக்கு அந்தப் பக்கம், பஸ் திரும்பி நிற்கிற கடைசி இடத்தில் இருந்தது ஒலிச்சித்தரின் நாத மண்டபம். பெயர்தான் மண்டபம், பார்த்தால் பழைய கிடங்கு. உள்ளே ஓர் ஆம்ப்ளிஃபயர், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், வரிசையாக நாற்காலிகள். வெளியே கூட்டம். ரயிலேறி, பஸ் மாறி, வளைவுகளில் வாந்தி எடுத்து வந்த கூட்டம். எல்லோர் வீட்டிலும் பாட்டுக் கேட்கும் பெட்டி இருக்கிறது. ஆனால் அதில் உயிர் இல்லையாம். சித்தர் விற்கும் வயரை மாட்டினால் உயிர் வந்துவிடுமாம். செத்த மனிதருக்குத்தான் இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை.

அது சாதாரண வயர் அல்ல. இருட்டறையில் படுக்கவைத்து, தினமும் இசை கேட்கவைத்துப் பழக்கிய வயர். தபாலில் அனுப்பமாட்டார், குலுங்கினால் பழக்கம் கெட்டுவிடும். அதையே வாங்கியவர் மலைப்பாதை நெடுக பஸ்ஸில் குலுங்கக் குலுங்க எடுத்துப் போனால் மட்டும் கெடாது. நேரில்தான் வரவேண்டும் என்பதில் ஒரு வசதி இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவானா?

வாத்தியாரும் மனைவியோடு வந்திருந்தார். கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு படி விட்டுப்போனாலும் மாணவனை நிற்கவைத்து, "இது எப்படி வந்தது?" என்று குடைந்தவர். சித்தரிடம் மட்டும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை.

சில மாதங்களாக அவர் வீட்டில் வயலின் மங்கிக்கொண்டே போனது. ஸ்பீக்கரை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், அறையையே மாற்றினார். டாக்டரிடம் காதைக் காட்டலாம் என்று மனைவி சொன்னால் எரிந்து விழுந்தார். உண்மையில் அவருக்குப் பயம். அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது கேட்காமல் போனது. வீட்டில் எல்லோரும் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். அந்த முழி வாத்தியாருக்கு மறக்கவில்லை. காதில் கோளாறு என்பதைவிட வயரில் கோளாறு என்பது அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

மண்டபத்தில் ஒரு விதி உண்டு. வயரை மாற்றும்போது எல்லோரும் உள்ளங்கையை விரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கண் திறந்திருந்தால் காதின் சக்தியை அது தின்றுவிடுமாம். முதலில் கடையில் வாங்கிய சாதாரண வயரில் வயலின் ஓடியது. மந்தமாக இருந்தது. கண்ணை மூடச் சொன்னார் சித்தர். ஏதோ கழற்றி மாட்டும் சத்தம். பிறகு அதே வயலின் பளிச்சென்று எழுந்தது. வாத்தியாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தன் காதுக்கு ஒன்றுமில்லை. எல்லாம் வயர் செய்த வேலை.

அவர் பையைத் திறக்கப் போனபோது மனைவி கையைப் பிடித்தார். அந்த அம்மாள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சத்தியம் செய்பவர்களின் முகத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர். கண்ணை மூடு என்று யாராவது சொன்னால் அகலத் திறப்பது அவர் வழக்கம். இப்போதும் திறந்துதான் வைத்திருந்தார்.

"ஐயா, இன்னொரு தடவை கேட்டுடலாம். இந்தத் தடவை வயரை நான் மாத்தறேன். நீங்களும் எல்லாரோடயும் உக்காந்து கேளுங்க."

சித்தர் தயங்கினார். கூட்டத்துக்கோ இன்னொரு தடவை ஓசியில் கேட்கக் கசக்குமா? ஆமாம் ஆமாம் என்றது. வேறு வழியில்லாமல் கடை வயரைத் திரும்ப மாட்டி, மந்தமாக ஒருமுறை ஓடவிட்டு, பழக்கிய வயரை அம்மாளிடம் கொடுத்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, தம் விதிப்படியே கையை விரித்துக் கண்ணை மூடினார். அம்மாள் பின்னால் போய்க் கடமுடவென்று உருட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். வயலின் மறுபடி ஓடியது.

ஆகா என்றார் ஒருவர். ஆழம் தெரிகிறது என்றார் இன்னொருவர். வாசிப்பவரின் மூச்சே கேட்கிறது என்றார் முன்வரிசைக்காரர்.

"இதுதான் பழக்கின வயர். என் பிள்ளை மாதிரி, எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்," என்றார் சித்தர்.

வாத்தியார் மட்டும் மெல்லச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமே மாறல."

"உங்க காது இன்னும் பக்குவப்படல சார்," என்றார் சித்தர். வாத்தியாருக்கு அப்பாவின் முழி ஞாபகம் வந்தது.

"எல்லாரும் கண்ணைத் தொறங்க," என்றார் அம்மாள். பழக்கிய வயர் பட்டு உறைக்குள் சுருண்டபடி அவர் மடியில் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்தது அதே கடை வயர். "நான் எதையும் மாத்தல. இங்க சரியாக் கேட்டது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்."

அடுத்து, முதல் தடவை எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது சித்தரின் கை போய்வந்த சட்டைப்பையைக் காட்டி, அதில் இருப்பதை எடுக்கச் சொன்னார். கூட்டம் முறைத்ததால் எடுத்தார். சின்ன ரிமோட். அம்மாள் அதை வாங்கி ஒரு பொத்தானை அழுத்த, வயலின் பளிச்சென்று எழுந்தது. வயர் இன்னும் மடியில்தான் இருந்தது.

"சத்தத்தைக் கூட்டி வச்சா எல்லாருக்கும்தான் நல்லாக் கேக்கும். வாங்க, டாக்டர்கிட்ட போவோம். என்னவா இருந்தாலும் நான் இருக்கேன்ல," என்றார் கணவரிடம். வாத்தியார் இந்தமுறை எரிந்து விழவில்லை.

அவர்கள் பஸ் ஏறும்போது பாதிக் கூட்டம் சித்தரைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தது. மீதிப்பேர், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று வயருக்கு வரிசையில் நின்றார்கள்.

டாக்டர் இருந்தது அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். செவிட்டுத்தனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்லாக இறுகிய காதுக் குறும்பி. தண்ணீர் பீய்ச்சி எடுத்துப் போட்டதும், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் வாத்தியாருக்குத் துல்லியமாகக் கேட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதார்.

காதை அடைத்திருந்ததை டாக்டர் எடுத்துவிட்டார். மூளையை அடைத்திருப்பதை எடுக்க எந்த டாக்டரும் இல்லை. அவரவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.