உரித்துக்கொள்ளக்கூடிய எளிமை

பளபளப்பை உண்டாக்கப் பாடுபட்டவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பளபளப்பை மறுபடியும் காசு கொடுத்து மறைத்த மகானை உலகுக்கு அளித்த பெருமை மல்லசமுத்திரம் வட்டாரத்துக்கே உரியது. அவர் பெயர் சின்னுசாமி. தொழில், கோழிப்பண்ணை. அந்தத் திருப்பணியில் கறுப்பு டப்பாவை அழுத்திய ஆள்காட்டி விரல் அவருடைய ஒரே மகள் கனிஷ்காவுடையது. வரலாறு தலைவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும், விரல்களை மறந்துவிடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

வட்டாரத்தில் கல்யாணங்கள் கட்டுமீறிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கிரேனில் இறங்கினார். அடுத்ததில் பெண்ணும் கிரேனில் இறங்கினாள். அதற்கடுத்ததில் சம்பந்திகளும் இறங்கினார்கள். இனி இறக்குவதற்குச் சமையல்காரரைத் தவிர ஆளில்லை என்ற நிலை வந்தபோது, முட்டைப் பண்ணையாளர்கள் விழித்துக்கொண்டார்கள். சேலத்தில் ஏசி அரங்கம் ஒன்றில் கூடி, பாதாம் அல்வாவில் தொடங்கி பீடா வரைக்கும் வந்து, ஏப்பங்களுக்கிடையே 'எளிமைத் திருமண இயக்கம்' கண்டார்கள். தலைவரை மட்டும் பிறகு தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்கு யாராலும் எழுந்து நிற்க முடியவில்லை.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சின்னுசாமி. இன்னொருவர் பக்கத்து ஊர்ப் பண்ணைக்கார ராஜம்மாள். ராஜம்மாள் தன் இரண்டு மகன்களுக்கும் மலைக்கோயிலில் தாலி கட்ட வைத்து, வந்தவர்களுக்குப் பொங்கலும் இட்லியும் போட்டு, மத்தியானம் கோழிக்குத் தீவனம் வைக்கப் போனவர். எங்கே போனாலும் மொபெட்டில்தான் போவார். இந்தக் காரணங்களால் அவருக்குத் தகுதி போதாது என்று இயக்கத்தினர் கருதினார்கள்.

"அவங்களுக்கு அது பழக்கமுங்க. அதுல தியாகம் எங்கீங்க இருக்குது?" என்றார் செயலாளர் தனசேகர்.

கனிஷ்கா அப்பாவின் பக்கம். அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யோகேஷுக்குக் கோயம்புத்தூரில் வேலை. இருவரும் திருச்செங்கோட்டு மலையில் ஐம்பது பேரோடு கல்யாணம் பண்ணிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று பேசி வைத்திருந்தார்கள். அப்பாவோ சேலம் ரோட்டில் ஒரு மண்டபத்தைப் பார்த்து வைத்திருந்தார். அங்கே மேடை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு புகைக்கு நடுவே தானாக மேலே எழும்பும். கனிஷ்காவுக்கு உயரமும் ஆகாது, புகையும் ஆகாது. நாலாயிரம் பேர் அண்ணாந்து பார்ப்பது சுத்தமாக ஆகாது.

"அப்பா தலைவராயிட்டா உன்ர கல்யாணந்தான் கண்ணு மொத எளிமைக் கல்யாணம். நீ சொன்னாப்பல மலையில வெச்சுக்கலாம்" என்று சின்னுசாமி வாக்குக் கொடுத்தார்.

"மண்டபம்?"

"தலைவரான மறுநாள் வேண்டாம்னு சொல்லிப்புடறேன்."

அன்றிலிருந்து எளிமையின் மேல் அவளுக்கு வந்த பற்று கொஞ்சநஞ்சமல்ல.

இடைஞ்சல் காரில் வந்தது. வெள்ளைக் கார், புதியது, பெரியது. முன்பக்கக் கிரில் முழுக்கப் பளபளக்கும் குரோம் முலாம். அது போதாதென்று சின்னுசாமி சேலத்தில் கடை கடையாக ஏறி, கைப்பிடி, கண்ணாடி, ஜன்னல் ஓரம், பெட்ரோல் மூடி எல்லாவற்றுக்கும் குரோம் மாட்டியிருந்தார். வெயிலில் அது எதிரே வந்தால் லாரிக்காரர்கள் லைட்டைத் தாழ்த்தச் சொல்லிச் சைகை செய்வார்கள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இந்த வண்டியில வந்து எறங்கி எளிமைன்னு பேசுனா, கண்ணு கூசி ஒருத்தரும் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க" என்றார் தனசேகர்.

"வித்துப்போடலாமுங்களா?" என்றாள் கனிஷ்கா.

"வித்தா பண்ணை நட்டம்னு பேசுவாங்க சாமி" என்றார் அப்பா.

"பெயிண்டு?"

"பெயிண்ட் அடிச்சா அடிச்சதுதான். அப்பறம் எளிமை நம்மளோடயே நின்னு போகும்" என்று சின்னுசாமி கவலைப்பட்டார்.

அப்போது கனிஷ்காதான் செல்போனில் தேடி ஒரு ரப்பர்ப் பூச்சைக் கண்டுபிடித்தாள். டப்பாவில் வரும். குரோமின் மேல் பூச்சிமருந்து போலப் புஸ்ஸென்று அடித்தால், காய்ந்து கறுப்பு ரப்பராகப் படிந்துவிடும். பளபளப்பு போன இடம் தெரியாது. வேண்டாமென்றால் தோலை உரிப்பது போல உரித்துக்கொள்ளலாம். உள்ளே குரோம் கீறாமல் அப்படியே இருக்கும். செல்போனில் வீடியோவைப் பார்த்த சின்னுசாமிக்குக் கண் கலங்கியது.

"இது காருக்குன்னு கண்டுபிடிச்சது இல்ல கண்ணு. எனக்குன்னே கண்டுபிடிச்சிருக்கறான்."

டப்பாக்கள் வந்தன. கனிஷ்கா அதிலிருந்த ஆங்கிலத்தைப் பொறுமையாகப் படித்தாள். முதல் வரியே கண்டிப்பானது: அடிக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும், அழுக்கின் மேல் அடித்தால் நிற்காது. கார் மேல் தீவனத் தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. அதைத் துடைத்தாள். கிரிலில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக இருந்தன. ஈரத்துணியோடு அங்கே போனபோது அம்மா சௌந்திரம் குறுக்கே வந்து நின்றார்.

"பூசைக்கு வெச்ச பொட்டு. தானா உதுரோணும். நாம அழிக்கப்படாது."

"அழுக்கத் தொடச்சாத்தாம்மா ஒட்டுமாம். டப்பாவுல போட்டிருக்குது."

"சந்தனம் அழுக்காடி?"

இந்தக் கேள்விக்கு டப்பாவில் பதில் இல்லை. அதை எழுதியவன் சௌந்திரத்தைச் சந்தித்ததில்லை. வழக்கு சின்னுசாமியிடம் போனது. அவர் ஒரு தலைவருக்குரிய தீர்ப்பைச் சொன்னார்.

"மேலயே அடிச்சுடு கண்ணு. உள்ள இருக்கறது ஆருக்குத் தெரியப் போகுது?"

அது நிற்காது என்று கனிஷ்காவுக்குத் தெரியும். மலைக்கோயிலையும் தெரியும், மேலே எழும்பும் மேடையையும் தெரியும். அழுத்தினாள். காயவிட்டு மறுபடி அழுத்தினாள். கடைசியில் கார் இழவு வீட்டுக்குப் போய்வந்தது போல அடக்க ஒடுக்கமாக நின்றது. சின்னுசாமி அதைச் சுற்றி வந்தார். மோதிரங்களைக் கழற்றினார். சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு மேல் பட்டனைப் போட்டார்.

"இப்ப நானும் வண்டியும் ஒரே மாதிரி இருக்கறமா?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்கறீங்கப்பா" என்றாள் கனிஷ்கா. அன்று அவள் சொன்னதிலேயே பெரிய உண்மை அது.

தேர்தல் தனசேகரின் பண்ணையில். கோழிக் காய்ச்சல் பயத்தில் எந்தப் பண்ணைக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் வாசல் வளைவில் மருந்துத் தண்ணீரில் குளித்துத்தான் நுழைய வேண்டும். இது எங்கள் பக்கத்தில் ஆண்டவனுக்கே விதிவிலக்கு இல்லாத சட்டம். கோழிகளின் உடல்நலத்தில் அக்கறை கொண்ட ஒரு பெருந்தகை, அந்தத் தண்ணீரைப் பீய்ச்சும் மோட்டாருக்கு வேகம் போதாது, லாரி கழுவுகிற மோட்டாராக மாற்ற வேண்டும் என்று போன வருடம் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தார். அவர் பெயர் சின்னுசாமி.

முன்னால் ராஜம்மாளின் மொபெட் வளைவுக்குள் போனது. தண்ணீர் அடித்தது. ஈரமான மொபெட்டாக வெளியே வந்தது. அவ்வளவுதான்.

அடுத்து கார். கனிஷ்கா ஓட்டினாள். பக்கத்தில் அப்பா மேல் பட்டனோடு மூச்சுத் திணற உட்கார்ந்திருந்தார். மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் பீய்ச்சியது. கிரிலில் பொட்டு வைத்த இடங்களில் ரப்பர் முதலில் அம்மைக் கொப்புளம் போல உப்பியது. பிறகு வாய் திறந்தது. வளைவைத் தாண்டியபோது கார் ஒரு முழ நீளக் கறுப்பு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வெயிலில் பல் முழுவதும் காட்டிச் சிரித்தது. பல்லில் சந்தனம், குங்குமம்.

கூட்டம் கூடிவிட்டது.

"ஏனுங்கண்ணா, வண்டி சட்டை உரிக்குதுங்களே" என்று தனசேகர் நாக்கைப் பிடித்து மெல்ல இழுத்தார். கிரிலின் ரப்பர் முழுவதும் ஒரே தோலாகக் கையோடு வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டு போலத் தோளில் போட்டுக்கொண்டார்.

ராஜம்மாள் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சின்னுசாமி, இந்த எளிமைய எந்தக் கடையில வாங்குனீங்க?"

கனிஷ்கா ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மலைக்கோயில் போயிற்று, மேடை மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. காதில் மட்டும் பேச்சு விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணா, உரிச்சா உள்ள ஒண்ணும் கெடலீங்களே?" என்று கேட்டது தனசேகரின் குரல்.

"ஒரு கீறல் இல்லீங்க" என்றார் சின்னுசாமி. குரல் செத்துப் போயிருந்தது.

"மறுபடி அடிச்சுக்கலாமுங்களா?"

"எத்தன தடவ வேணும்னாலும் அடிச்சுக்கலாமுங்க."

"அப்ப, கூட்டத்துக்கு வாரப்ப எளிமையா வந்துட்டு, ஊட்டுக்குப் போனதும் உரிச்சுப்போட்டா, பழையபடி நம்ம வண்டி நமக்கு?"

"ஆமாங்க."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து எல்லோருடைய நெஞ்சிலும் இருந்த பாரம் இறங்கியது. எளிமை வந்தால் திரும்பிப் போகுமா போகாதா என்று தெரியாமல் எத்தனையோ பேர் தூக்கமில்லாமல் கிடந்திருந்தார்கள். அவர்களுக்கு வழி காட்ட ஒருவர் தம் சொந்தக் காரையே பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். சின்னுசாமி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ராஜம்மாளின் மனது நீங்கலாக. டப்பா எங்கே கிடைக்கும் என்று கனிஷ்காவிடம் கேட்டு, கார் ஜன்னலில் வரிசை நின்றது. அவள் தலையை நிமிர்த்தினாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா ஜெயித்துவிட்டார், மலைக்கோயில் திரும்பி வந்துவிட்டது. டப்பாவின் பெயரை எல்லோருக்கும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

வாக்குத் தவறாத தலைவர் சின்னுசாமி. தை மாதம் மலைக்கோயிலில் ஐம்பது பேர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. பருத்திச் சேலை, துளசி மாலை, இலையில் பொங்கல். படம் பிடித்தார்கள். யோகேஷ் காதோரம், "நெனச்ச மாதிரியே நடந்துருச்சு" என்றான். மலையை விட்டு இறங்கியதும் கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் சேலம் ரோட்டில் ஏறியது.

"எங்கீங்கப்பா போறோம்?"

"மண்டபத்துக்குத்தான் கண்ணு. நாலாயிரம் பேரு ஒறம்பரை சனம் வந்துருவாங்கல்ல?"

"எளிமைன்னு சொன்னீங்களே."

"காலையில எளிமைதானே சாமி. சாயங்காலம் உரிச்சுக்கறோம்."

கனிஷ்கா வாயைத் திறந்தாள். இதற்குத் தொழில்நுட்பம் வழங்கியவர் யார் என்பது ஞாபகம் வர, மூடிக்கொண்டாள்.

மண்டபத்து அறையில் அழகுநிலையப் பெண் பிரபா காத்திருந்தாள். கையில் குழல், குழலின் முனையில் சின்ன டப்பா. இப்போதெல்லாம் கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் பூசுவதில்லை, அடிப்பதுதானாம். வெளியே மேடையை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அசையாதீங்க. புகையோ வேர்வையோ ஒண்ணும் பண்ணாது. படுக்கறப்ப தொடச்சா அப்படியே வந்துரும்" என்றாள் பிரபா. "ஒண்ணே ஒண்ணுதாங்க. உள்ள அழுக்கு இருந்தா மட்டும் ஒட்டாது."

"அப்படின்னா எனக்கு ஒட்டாதுங்க" என்றாள் கனிஷ்கா.

பிரபா சிரித்துவிட்டு அழுத்தினாள்.

ஒட்டியது. மேடை எழும்பியபோதும், புகை சூழ்ந்தபோதும், நாலாயிரம் பேர் கைதட்டியபோதும் ஒரு இடத்தில்கூட உப்பவில்லை. காரில் ஒரு தண்ணீருக்கு நிற்காதது அவள் முகத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் நின்றது.