தாதாவின் வீலைத் துடைத்த பாவம்

வாழ்நாளில் ஒரு மீனைக்கூடத் தொடாமல், தெற்குக் கல்கத்தாவின் தூண்டில்காரர்கள் அத்தனை பேரையும் தன் வாசலில் காத்து நிற்க வைத்த ஒரே மனிதர் எங்கள் வீல் மாமாதான்.

தூண்டில் கம்பில் நூலைச் சுற்றி வைக்கும் உருளைக்கு இங்கே வீல் என்று பெயர். வருஷக்கணக்கில் குளத்தங்கரை ஈரத்தில் அடிபட்ட வீலின் மேல் வெள்ளையாக ஒரு மூட்டம் விழுந்துவிடும், கண்ணில் புரை விழுந்த மாதிரி. அதைப் போக்குவதில் மாமாவுக்கு ஒரு வெறி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்துவிட்டார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், கார் பாலிஷ், கிழிந்த மல்வேட்டி. மாமி அந்த டாக்குரியா ஃபிளாட்டின் பால்கனியில் கோலமாவால் ஒரு கோடு போட்டாள். வீல் கோட்டைத் தாண்டக் கூடாது. மாமா தாண்டலாம், குளித்துவிட்டு.

எதிர் ஃபிளாட்டுக்காரியான நான் ஒருநாள் உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவரிடம் வந்த பித்தளை வீல் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்ன வைத்தேன். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி, இதென்ன குத்துவிளக்கா? அழுக்கோட சேர்த்து வயசேறின பழுப்புத் தோலையும் உரிச்சுட்டியே!"

மூன்று நாள் ஒரு வீலையும் என் கண்ணில் காட்டவில்லை.

அப்படிப்பட்டவரே பிறகு ஒரு தப்புச் செய்தார். கீழ்வீட்டு வங்காளிப் பெரியவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம்; மாமாவுக்கு முப்பது வருஷ சிநேகிதர், தூண்டில் பைத்தியம். மாமாவை "மத்ராஸி" என்றுதான் கூப்பிடுவார். போன வருஷம் தாதாவுக்கு ஞாபகம் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. மனைவியைப் பார்த்து, யார் நீங்கள் என்றார். மாமாவைக் கேஸ்காரர் என்று நினைத்து, சிலிண்டரை மூலையில் வைக்கச் சொன்னார். மூட்டம் போட்ட தன் பழைய வீலை மட்டும் விடவில்லை. நாள் முழுக்க மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார்.

மாமாவுக்குக் கை அரித்தது. தாதா தூங்கும்போது வீலை எடுத்து வந்து, மனுஷன் சந்தோஷப்படட்டுமே என்று இரண்டு மணி நேரம் தேய்த்துக் கண்ணாடியாக்கித் திரும்ப மடியில் வைத்தார். விழித்துக்கொண்ட தாதா அதைத் தள்ளிவிட்டுத் தன் வீலைத் தேடத் தொடங்கினார். கட்டிலுக்கடியில் தேடினார், அரிசி டின்னில் தேடினார், மனைவியின் தையல் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார். சாயங்காலம் குழந்தை மாதிரி அழுதார்.

மூட்டத்தை எடுக்கத் தெரிந்த மனிதருக்கு மூட்டம் போட வழி தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தார். இட்லிப் பானை ஆவியில் காட்டினார். மாமி அடுப்பைப் பெரிதாக்கினாள். பாழாய்ப்போன வீல் அப்படியே பளபளத்தது.

"அவன்கிட்ட மிச்சமிருந்தது அது ஒண்ணுதாண்டி. அதையும் நானே தொடச்சு எடுத்துட்டேன்" என்றார் மாமா என்னிடம். எனக்குத் தாங்கவில்லை.

அதன்பின் தினமும் மத்தியானம் கீழே போய் வீலை தாதாவின் கையில் வைப்பார். தாதா தள்ளிவிடுவார். மறுபடி வைப்பார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நானும் கூடப் போயிருந்தேன். அன்றைக்கு தாதா தள்ளவில்லை. கைப்பிடியைச் சுற்றினார். கர்ரென்று சத்தம் வந்தது. இன்னொரு தரம் சுற்றிக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு மாமாவை முறைத்துப் பார்த்து வங்காளியில் ஒரு கத்துக் கத்தினார்.

"அடேய் மத்ராஸி! என் வீலை என்னடா பண்ணித் தொலைச்சே?"

மாமா வலிக்கிற முழங்காலோடு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். "திட்டினாண்டி! என்னைத் தெரிஞ்சுண்டு திட்டினான்!" என்று மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், குளிக்காமலே.

மறுநாள் தாதாவுக்கு அவர் மறுபடி கேஸ்காரர்தான். இருந்தும் மாமா ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. நான் இப்போது ஊரின் இன்னொரு பக்கம், பெஹாலாவுக்குக் குடிவந்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணியானால், இன்றைக்காவது மாமாவுக்கு அந்தத் திட்டுக் கிடைக்க வேண்டுமே என்று மனசு வேண்டிக்கொள்கிறது.