சமையல் மேசையில் புதுத் துப்பாக்கி

இந்த நவம்பரில் ஒரு மான் தன் கையால் செத்தே தீரும் என்று வெர்லின் சபதம் போட்டான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேட்டைக்கு முந்தைய மாதம் எல்லா ஆண்பிள்ளைகளும் போடுகிற சபதம்தான். மற்றவர்கள் மானோடு திரும்புவார்கள். வெர்லின் சட்டையோடு திரும்புவான். அதுவும் முழுச் சட்டை இல்லை. குறி தவறியவனுடைய சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, வேட்டைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அங்கே வழக்கம். அந்தச் சுவரில் முக்கால்வாசி வெர்லின்தான்.

போன வருஷமே கூட்டாளிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு தடவை தவறினால், மானுக்காகக் காத்திருக்கும் அவனுடைய ஓக் மேட்டு இருக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். அவன் அப்பா உட்கார்ந்த இருக்கை அது. அதையும் தொலைத்துவிட்டு ஊருக்குள் எந்த முகத்தோடு நடமாடுவது?

அதனால் பழைய துப்பாக்கியைக் கடையில் தள்ளிவிட்டு, புது போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தான். கூடவே இன்னொரு சபதம்: மனைவி லோர்னாவின் விரல்கூட இதில் படக்கூடாது. அவள் அணில் சுட்டுத் தின்ற வீட்டில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டதில்லை. யோசனை சொல்வதை மட்டும் நிறுத்தியதில்லை.

சமையல் மேசையில் துண்டை விரித்து, குண்டைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைக் குழல்மேல் பூட்டுமுன் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தான். லோர்னா ஆப்பிள் பைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வெர்லின், வெறும் பனியனைப் போட்டுக்கிட்டா அளவு பாக்குற? மான் வர்ற அன்னிக்கு இதைத்தான் போட்டுக்கப் போறியா?"

"எனக்குத் தெரியும். நீ உன் மாவைப் பாரு."

"மாவு சொன்ன பேச்சு கேக்குது. அதான் உன்னைப் பாக்குறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் தடித்த வேட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். அடுப்புச் சூட்டில் வேர்த்துக் கொட்டியது. துப்பாக்கியைத் தூக்கினான். பின்கட்டை அக்குளில் சிக்கிக்கொண்டது.

"பாத்தியா? கட்டை நீளம். நீளத்தைக் குறைக்கத்தான் பின்னாடி துண்டு துண்டா வச்சிருக்கானே, ஒண்ணைக் கழட்டு."

கழற்றினான்.

"இன்னொண்ணையும் கழட்டு. உள்ள கம்பளிச் சட்டை வேற போடுவேல்ல?"

அதையும் கழற்றினான். லோர்னாவிடம் இதுதான் கஷ்டம். அசட்டு யோசனையாக இருந்தால் மறுத்துவிடலாம்.

"சரி, ஸ்கோப் சாயாம இருக்கான்னு எப்படிப் பாப்ப? நீயே புடிச்சு, நீயே முடுக்குவியா? நாலு கையா இருக்கு உனக்கு?"

"புடி. புடிக்க மட்டும் செய்!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள்.

"ஸ்கோப்பை என் பக்கம் தள்ளு. இன்னும் கொஞ்சம். ஓரமெல்லாம் கறுப்பாத் தெரியுது. ஆங், இப்ப முழு வட்டமும் தெரியுது. முடுக்கு."

வெர்லின் முடுக்கினான். திருகுக்குப் பசை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்கினான். யார் கண்ணுக்கு முடுக்குகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை இருவரும் பக்கத்து வீட்டு டுவைனின் மணல் பள்ளத்தில் சுட்டுப் பார்க்கப் போனார்கள். முதல் வெடியிலேயே துப்பாக்கி பின்னால் உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு வெர்லினின் புருவத்தைப் பிறை நிலா போலக் கிழித்தது. குறிக்காக மாட்டிய தாளில் ஓட்டை இல்லை. அடுத்த தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுட்டான். தாள் அப்போதும் கன்னி கழியாமல் நின்றது.

"டேய் வெர்லின்," என்றான் டுவைன், "மானே இன்னும் வரல, அதுக்குள்ள ரத்தம் வந்துடுச்சே!"

வெர்லின் வண்டியின் பின்பலகையில் பொத்தென்று உட்கார்ந்தான். அழுகை வந்தது. "என் தலையெழுத்துடா. புதுத் துப்பாக்கிக்குக்கூட என்னைப் பிடிக்கல."

"கோளாறு துப்பாக்கியிலயான்னு பாப்போம், குடு," என்றாள் லோர்னா.

உட்கார்ந்தாள். சுட்டாள். மறுபடி சுட்டாள். மறுபடியும் சுட்டாள். எல்லா ஓட்டைகளையும் ஒரு ஜாம் பாட்டில் மூடியால் மூடிவிடலாம்.

"துப்பாக்கி தங்கம்," என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து புது ஆரஞ்சு நிற வேட்டை அங்கி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். அளவு கச்சிதம். அதன் பையில் அவள் பெயரில் வேட்டை உரிமம்.

வெர்லின் பலகையிலிருந்து எழுந்துவிட்டான். "இதெல்லாம் எப்ப வாங்கின?"

"நீ துப்பாக்கி வாங்கின மறுநாள்."

"கொட்டகைக்குப் பொம்பளைங்க வரக்கூடாது!"

"உன் கூட்டாளிங்ககிட்ட பேசியாச்சு. ஓக் மேட்டு இருக்கையை எனக்குக் குடுங்கன்னேன். உடனே சரின்னுட்டாங்க. சந்தோஷமாத்தான் சொன்னாங்க."

அந்தச் சந்தோஷம்தான் அவனை ரொம்பக் குத்தியது.

"எங்கப்பா உக்காந்த இடம், லோர்னா."

"தெரியும். அதான் வெளி ஆளுக்கு விடல." கைக்குட்டையை மடித்து அவன் புருவத்தில் மெதுவாக அழுத்தினாள்.

"அப்ப நான் வீட்டுல உக்காந்து ஜன்னலைப் பாக்கணுமா?"

"ஐயோ, யாரு சொன்னா? நீ வராம எப்படி? நான் சுடுற மானை மேட்டுலேர்ந்து யாரு இழுத்துட்டு வர்றது?"