தொப்பியர் எழுதிய கல்வெட்டு

ரொறொன்ரோவில் கலியாண நாளை மறந்து மூன்று தரம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகும், டெக்சாஸில் எவனோ ஒரு பாட்டுக்காரன் வாங்கிய முதல் லொறியின் நிறத்தை மறக்காத ஒரே தமிழன் தொப்பியர்தான். இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அதே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் அவரும் இருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. அகன்ற விளிம்பு வைத்த கவ்போய்த் தொப்பியோடு பனியிலும் வெயிலிலும் திரிந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வந்த புதிதில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வெள்ளைக்காரன் நாள் முழுக்கக் கன்ட்ரிப் பாட்டு ரேடியோ போடுவானாம். மனிசி விட்டுவிட்டுப் போனாள், நாய் செத்துப்போனது, லொறி உடைந்துபோனது என்று கிட்டாரோடு அழுகிற பாட்டுகள். தொப்பியர் ஆங்கிலம் படித்ததே அந்த ரேடியோவில்தான். குடும்ப வைத்தியர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு இவர் அந்தப் பாட்டுப் பாஷையில் சொன்ன பதிலில் அந்த அம்மா பதறிப்போய் உடனே மனநல நிபுணருக்குக் கடிதம் எழுதிவிட்டார். இவருக்கு இருந்தது வெறும் தடிமனும் மூக்கடைப்பும்.

பாடத் தெரியாது, கிட்டாரைத் தொட்டதும் கிடையாது. பாட்டுக்காரர்களின் கதைதான் அவருக்கு வேண்டும். கட்டுக்கட்டாகக் குறிப்பெழுதிய கொப்பிகள் வைத்திருந்தார். ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு தலைப்புகள்: 'மைல்கற்கள்', 'பலர் அறியாத செய்திகள்'. இவற்றை அவர் ஒப்புவிக்கும் இடம் லிஃப்ட். கதவு மூடிவிட்டால் எங்கே ஓடுவது?

"தம்பி, உமக்கு ஒரு விஷயம் தெரியுமோ? ஒரு பாட்டுக்காரன்ரை முதல் பாட்டு ரேடியோவிலை வரேக்கை அவன் என்ன செய்துகொண்டு நிண்டவன்?"

"தெரியாது அண்ணை."

"பெற்றோல் செட்டிலை கார்க் கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டவன்! அந்தக் காருக்குள்ளைதான் பாட்டுப் போகுது. 'இது என்ரை பாட்டு' எண்டு சொல்லியிருக்கிறான். கார்க்காரன் 'ஓமோம், முதல்லை கண்ணாடியைத் துடை' எண்டானாம்!"

"பிறகு விருது ஏதும் எடுத்தவரோ?"

அவருக்குக் கோபம் வந்துவிடும். "விருதைப் பற்றி ஏன் கேக்கிறீர்? எத்தினை கொம்பனியிலை வாசலோடை திருப்பி அனுப்பினவங்கள் எண்டு கேளும்!"

அதுதான் அவருடைய கணக்கு. தங்க இசைத்தட்டு, முதலிடம், அரங்கு நிறைந்த கூட்டம் எல்லாம் கொப்பியின் கடைசி வரியில் கிடக்கும். முதல் பக்கம் முழுக்கப் பட்டினி, கடன், சிறை, மூன்று விவாகரத்து.

ஒருமுறை தேர்த் திருவிழாவுக்கு மேற்சட்டை இல்லாமல், வேட்டியோடு, தலையில் தொப்பியோடு வந்து நின்றார். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார். "தொப்பியைக் கழட்டும்!" கழற்றிக் கையில் மல்லாக்கப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார் தொப்பியர். பிரசாதம் கொடுத்துக்கொண்டு வந்த பொடியன் பாத்திரம் என்று நினைத்து ஒரு அகப்பை அவித்த கடலையை அதற்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான். மனிதர் அசையவில்லை. நின்ற இடத்திலேயே சாப்பிட்டு முடித்தார்.

லிஃப்டில் அவரைக் கண்டால் எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். என் அப்பா மட்டும் ஓடவில்லை. ஒருவேளை முழங்கால் வலியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் அப்பா போய்விட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் கையில் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். தேவாரம், இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு எல்லாம் இருக்கும். அதில் எந்த மனிதரும் கோபப்பட்டதில்லை, எந்த மனிதரும் தோற்றதில்லை. ஊரில் கிளார்க்காக இருந்தவர் கல்வெட்டில் குறைந்தது உதவி அரசாங்க அதிபர்.

எங்களுக்கும் பொய் தேவைப்பட்டது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த அப்பா, கனடாவில் பதினொரு வருடம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினார். அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. அந்த நேரம் பார்த்து என் தமையனின் மகளுக்கு மிசிசாகாவில் சம்பந்தம் பேசியாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கணக்காளர், குப்பை போடப் போவதென்றாலும் டை கட்டுகிற மனிதர். அவர்களிடம் தமையன் "அப்பா பெரிய ஹோட்டலிலை சாப்பாட்டுப் பகுதி மனேஜர்" என்று அடித்துவிட்டிருந்தார். முப்பத்தோராம் நாளுக்கு அவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். கல்வெட்டு பிசகினால் பிள்ளையின் கலியாணமும் அப்பாவின் பெயரும் ஒன்றாகப் போய்விடும்.

தமையன் இரவு பகலாக எழுதினார். 'அன்னார் உணவுத்துறை நிர்வாகத்தில் தடம் பதித்தவர்.' தமிழைப் பிழையில்லாமல் அடிக்கக்கூடிய ஒரே ஆளிடம் கொடுத்தோம். வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த தொப்பியரிடம்!

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அச்சகத்திலிருந்து வந்த பெட்டியை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். நானும் ஒன்றைப் பிரித்தேன். தேவாரம் சரி, படம் சரி. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

'மைல்கற்கள்' என்று போட்டிருந்தது.

'கனடாவில் முதல் வேலை: கோப்பை கழுவுதல். இரண்டாவது வேலை: அதே. மூன்றாவது வேலை: அதே, ஆனால் பெரிய கோப்பைகள்.

வேலை கேட்டுப் பதினாறு கடைகளில் ஏறி இறங்கினார். எல்லோரும் இல்லையென்றார்கள். பதினேழாவது கடையில் முன்வாசலால் போக வெட்கப்பட்டுப் பின்வாசலால் போனார். அங்கேதான் வேலை கிடைத்தது.

திருமணம்: ஒன்று மட்டும். சிறைவாசம்: கிடைக்கவில்லை. பஸ்ஸில் பழைய டிக்கெட் காட்டி ஒருமுறை பிடிபட்டது உண்டு.'

ஐயோ கடவுளே! மண்டபம் முழுக்கத் தாள் புரளும் சத்தம். மாப்பிள்ளையின் தகப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

தமையன் பின்வரிசைக்குப் பாய்ந்தார். தொப்பியர் அங்கே வடை தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை, உது என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? நான் எழுதித் தந்தது எங்கை?"

"அதிலை உங்கட அப்பா இல்லையே தம்பி. ஆரோ ஒரு மனேஜர் எல்லோ இருந்தவர்."

"மானம் போச்சு அண்ணை! ஆர் உங்களுக்கு உதெல்லாம் சொன்னது?"

"உங்கட அப்பாதான். லிஃப்டிலை கீழை போய் மேலை வந்து, கீழை போய் மேலை வந்து, எல்லாம் சொன்னவர். பெடியளுக்குச் சொல்லிப்போடாதை, வெக்கப்படுவாங்கள் எண்டும் சொன்னவர்." தொப்பியர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார். "எங்கட பாட்டுக்காரர் எண்டால் உந்தக் கஷ்டத்தைத்தானே தம்பி முதல் பக்கத்திலை போடுவாங்கள்? அந்தாள் என்ன பிழை செய்தவர், ஒளிச்சு வைக்க?"

தமையன் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அதற்குள் முன்வரிசையில் அம்மா எழும்பிவிட்டார். கல்வெட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார்.

"உதிலை ஒரு பிழை இருக்கு."

அப்பாடா, அம்மா காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

"பதினாறு கடை இல்லை, பதினெட்டு. ரெண்டு கடைக்கு நானும் கூடப் போனனான்."

முடிந்தது கதை, கலியாணமும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அந்த டை கட்டிய கணக்காளர் தொண்டையைச் செருமினார்.

"பதினெட்டோ அக்கா? எனக்கு இருபத்தாறு. அதுவும் ஜனவரியிலை."

அவருடைய மனைவிக்குக் கல்வெட்டு கைநழுவி விழுந்தது. "என்னப்பா சொல்லுறியள்? வந்த உடனை ஒஃபிஸ் வேலையிலை ஏறினனான் எண்டெல்லோ என்னைக் கட்டினனீங்கள்?"

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் எழும்பி நின்று, யார் கூடுதலாகத் தோற்றது என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "நான் மீன் வெட்டினனான்!" "நான் கோழித்தோல் உரிச்சனான்!" செத்தவீட்டில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கலியாணம் ஆவணியில் நன்றாக நடந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் நான் நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். 'பலர் அறியாத செய்திகள்.' அதன் கீழே ஒன்றே ஒன்று இருந்தது.

'சவர்க்காரம் அரித்துக் கைகள் புண்ணாகியிருந்ததால், மகனின் பட்டமளிப்பு விழாப் படங்களில் எல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.'

அந்த மகன் நான். அன்று வீட்டுக்கு வந்து அல்பத்தை எடுத்தேன். ஆறு படம். ஆறிலும் கைகள் பின்னால். அப்பா பழைய மனேஜர் தோரணையில் நிற்கிறார் என்று இவ்வளவு காலமும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அழுதேன், வேறென்ன செய்ய.

கடை எண்ணிக்கையைத் திருத்தி இன்னும் நூறு கல்வெட்டு அடிக்கச் சொன்னபோது, துயருறும் குடும்பத்தினர் பட்டியலில் ஒரு பெயர் சேர்க்கச் சொன்னார் அம்மா. "சொந்தப் பெயர் கேட்டு எழுதட்டோ?" என்றார் தமையன். "தொப்பியர் எண்டே போடு. அப்பா அப்பிடித்தானே கூப்பிட்டவர்" என்றார் அம்மா.

பிள்ளைகள் என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்து அவர் பெயர் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டிருந்தால் எங்களுக்கு முன்னால் போடச் சொல்லியிருப்பார், அதுதான் சரியும்கூட.