கரிச்சாமி ஊதிய தண்ணீர்

திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூருக்கு எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள வருவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை மூளை முறிந்தவர்களும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் கட்டுப் போடத்தான் அந்த ஊரில் ஆள் இல்லை.

எல்லோரும் போனது கங்கையாவின் கல்லூரிக்கு. கங்கையா பெங்களூரில் மனை விற்றுப் பணம் பார்த்தவர். ஊரில் ஆளாளுக்குக் கல்லூரி கட்டுகிறார்களே என்று தானும் ஒன்று கட்டினார். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை ஒருநாள் போனில், "உலகம் சூடாகிறது" என்றான். உடனே வாசலில் பலகை எழுந்தது: 'கார்பன் இல்லாக் கல்லூரி'. பட்டப்பகலிலும் அந்தப் பலகைக்கு விளக்கு எரியும். அந்த விளக்குக்காக டீசல் ஜெனரேட்டர் உறுமும். ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் நாளில் கங்கையா ஒரே குழியில் கன்று நடுவார். குழிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கன்றுக்கு எப்போதும் ஒரு நாள்தான் வயது.

இந்த ஆண்டு பசுமைச் சான்றிதழ் தர வெளியூர்க் குழு வருகிறது. அவர்களிடம் குழியைக் காட்டினால் போதுமா? அதனால் வந்தார் வாயுசித்தர். கரியமில வாயுவை மந்திரத்தாலேயே கரைக்கிறவர். ஜனங்கள் ஆசையாக வைத்த பெயர் கரிச்சாமி. முதலில் மேடையில் ஒரு சோதனை, பிறகு மூன்று நாள் யாகம். யாகத்துக்கு விறகு? கல்லூரிக்குப் பின்னால் கங்கையாவின் புளியந்தோப்பு இருக்கிறதே! காற்றைச் சுத்தம் செய்ய மரத்தை வெட்டி எரிக்க வேண்டும் என்று சாமி சொன்னார். கூடியிருந்த பட்டதாரிகள் கை தட்டினார்கள்.

கை தட்டாதவள் தேன்மொழி. அதே கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறவள். அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் புளி உலுக்கி விற்பவர் அவள் அப்பா சின்னப்பன். மரம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியும். மரமே எரிந்தால், பக்கத்து வீட்டார் போனது போல மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூரில் சிமெண்டு சுமக்கப் போக வேண்டியதுதான். ரம்பக்காரர்கள் தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சோதனை முடிந்ததும் முதல் மரம் சாயும்.

கூட்டத்தில் அப்பாவைப் பார்த்தாள். கையில் தேங்காய்த் தட்டு.

"இன்னா நைனா இது?"

"சாமிக்குத்தான்."

"உன் மரத்த அறுக்க வந்தவருக்கு நீயே தேங்கா ஒடைக்கிறியா?"

"வாய மூடு புள்ள. பெரிய பெரிய படிச்சவங்கோ கால்ல வுழுந்துக்கினு கீறாங்கோ. அவங்களுக்குத் தெரியாதா?"

"நாளைக்கித் துன்றதுக்கு இன்னா பண்ணுவ?"

"சாமி வழி காட்டும்."

"காட்டும், காட்டும். பெங்களூருக்கு."

அவள் நேரே முதல்வர் தோதாத்ரியிடம் போனாள்.

"சார், மேடையில ஸ்படிகப் பாத்திரம்னு வெச்சிகீறாங்களே, சந்தனப் பொட்டுக்குக் கீழ மில்லிலிட்டர் கோடு தெரியுது. நம்ம லேப் பீக்கர் சார் அது."

"மெதுவாப் பேசும்மா."

"அதுல கீற தீர்த்தம் சுண்ணாம்புத் தண்ணிதானே?"

"நேக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரிட்டயர் ஆக ரெண்டே வருஷம். நீயும் பாஸ் பண்ணிட்டு ஒரு வேலைல போய்ச் சேரு. நமக்கேன் வம்பு?"

தோதாத்ரி டாக்டர் பட்டம் வாங்கியது வேதியியலுக்கு. சம்பளம் வாங்கியது வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு.

நாதஸ்வரம் முழங்கியது. மேடை ஓரத்து யாக குண்டத்தில் சகுனத்துக்கு நாலு சுள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கரிச்சாமி கண்ணாடிக் குழாயைக் கங்கையாவிடம் நீட்டினார். தெளிந்த தீர்த்தத்தில் கங்கையா ஊதினார். தண்ணீர் பாலாக வெளுத்தது.

"பார்த்தீர்களா பக்தர்களே! இதுதான் கார்பன்! இந்தக் கல்லூரியைப் பிடித்த பாவம்!"

கங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி குழாயை வாங்கி, அதே பாத்திரத்தில், கண்ணை மூடி, மூச்சு மூச்சாக ஊதினார். தவில்காரர் கை வலிக்கும்வரை ஊதினார். பால் மெல்ல மெல்ல வெளிறி, பழையபடி தெளிந்த தண்ணீரானது.

"கோவிந்தா!" என்று பந்தல் அதிர்ந்தது. சான்றிதழ்க் குழுத் தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவரும் பத்தாம் வகுப்பில் இதே தண்ணீரில் ஊதித்தான் பாஸ் செய்திருப்பார். ஆனால் அன்று தவில் இல்லையே, எப்படி ஞாபகம் வரும்?

தேன்மொழி மேடை ஏறினாள். பவ்வியமாகக் கை கூப்பினாள்.

"சாமி, ஒரு வேண்டுதல். எங்க நைனா பீடி குடிக்கிற பாவி. நீங்க புதுத் தீர்த்தத்துல மொதல்ல ஊதிக் குடுங்கோ. அதே பாத்திரத்துல அவரு ஊதி நல்ல கதி அடையட்டும்."

சாமியின் முகம் சுருங்கியது. "முகூர்த்தம் முடிந்துவிட்டது, குழந்தாய்."

"முகூர்த்தம் பாத்துக்கினா சாமி கார்பன் வருது?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஊது சாமி! புண்ணியமாப் போவும்!" முன்வரிசையில் கங்கையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஊதண்டி சுவாமி! குழு சூஸ்தா உந்தி!" என்று தெலுங்கில் கத்தினார். குழு பார்த்துக்கொண்டிருக்கிறதாம்.

தப்ப வழியில்லை. பாத்திரத்தில் புதுத் தீர்த்தம் ஊற்றினார்கள். சாமி குழாயை வாயில் வைத்து ஊதாமல் ஊதினார்.

"குமிழி வரலியே சாமி! நல்லா ஊதுங்கோ!"

ஊதினார். தண்ணீர் பாலாக வெளுத்தது.

தவில் நின்றது.

"இது யாரு பாவம் சாமி?" என்று கேட்டாள் தேன்மொழி. "நைனா, நீ வா. ஊது."

சின்னப்பன் தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். "எனக்கு மந்திரம் தெரியாதும்மா."

"மூச்சு கீதுல்ல? ஊது."

மரம் ஏறி ஏறி உரமான நெஞ்சு. ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். பீடி நாற்றம் முன்வரிசைவரை வந்தது. பால் வெளிறியது. தண்ணீர் தெளிந்தது.

"தே... தேனு, நான் சாமியாயிட்டனா?"

கரிச்சாமி பாய்ந்தார். "என் அருள்தான் இவனுக்குள் இறங்கி வேலை செய்தது! கார்பன் அழிந்தது, பாருங்கள்!"

தேன்மொழி முதல்வர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்கோ. அழிஞ்சிடுச்சா?"

பந்தல் முழுவதும் தோதாத்ரியைப் பார்த்தது. அவர் வேர்வையைத் துடைத்தார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"அழியல. கொஞ்சமா ஊதினா வெளுக்கும். மேல மேல ஊதினா, அந்தக் கார்பனே ஜாஸ்தியாகி வெளுப்பைக் கரைச்சிடும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கொதிக்க வெச்சா வெளுப்பு திரும்பி வரும்."

"எங்க சார் கொதிக்க வெக்கறது? இதோ, யாகத் தீயே கீதே."

லேப்பிலிருந்து ஒரு மாணவன் ஓடிப்போய் எடுத்துவந்த கம்பி வலையை யாக குண்டத்தின் மேல் போட்டு, அதில் பீக்கரை வைத்தாள். கரிச்சாமி நைசாக மேடையின் பின்பக்கம் நழுவினார். தீர்த்தம் கொதித்தது, கலங்கியது, வெளுத்தது. சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்ததில் மில்லிலிட்டர் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"அடப் பாவி! லேப் சொம்புலயே நம்மள ஏமாத்திக்கினு கீறான்!" என்று எவரோ கத்த, கூட்டம் பின்வாசலுக்கு ஓடியது. சாமி அதற்குள் காரில் ஏறியிருந்தார். டீசல் கார்தான், புகை நன்றாகவே வந்தது. அதை ஊதிக் கரைக்க அவருக்கு நேரமில்லை.

சின்னப்பன் கூட்டத்தோடு ஓடவில்லை. தோப்புக்கு ஓடினார். ரம்பத்தின் முன்னால் போய் நின்று, "எவனாவது கைய வெச்சான்னா மரத்தோட என்னையும் சேத்து அறு!" என்று கத்தினார். பின்னாலேயே மாணவர்கள் வந்து மரத்துக்கு ஒருவராக நின்றார்கள். கங்கையா வந்து பார்த்தார். சான்றிதழ்க் குழுவும் பார்த்துக்கொண்டிருந்தது. "மரத்த யாருடா அறுக்கச் சொன்னது? பசுமைக் கல்லூரிடா இது!" என்று ரம்பக்காரர்கள் மேல் பாய்ந்தார், சொன்னவரே அவர்தான் என்பதை மறந்து.

புளியமரங்கள் நின்றன. அவை காற்றைச் சுத்தம் செய்யத் தவில் வேண்டாம், மந்திரம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

மனிதர்கள் விஷயம்தான் சிக்கல். மறுவாரமே கங்கையாவின் அறையில் வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். ஜெனரேட்டரை ஈசான மூலைக்கு மாற்றினால் புகை வராதாம்.

ஐயா, அம்மா! திருப்பதிக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டோம் என்பதற்காகத் தலை இருப்பது மொட்டை அடிக்க மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முடிக்கு அடியிலும் ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் காணிக்கை கொடுத்துவிடாதீர்கள், மறுபடி முளைக்காது.