மாமனாரைக் கொன்ற நாவலாசிரியர்

இலங்கை மலைநாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அட்டையைப் பற்றிச் சொல்கிறார்கள், மண்சரிவைப் பற்றிச் சொல்கிறார்கள், துரையின் நாயைப் பற்றிக்கூடச் சொல்கிறார்கள். சொந்தமாக நாவல் எழுதி, சொந்தமாக அச்சுப் போட்டு, சொந்தமாகவே பாராட்டியும் கொள்கிற நாவலாசிரியரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏன்? பயம். அடுத்த நாவலில் போட்டுவிடுவாரே! விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளுகிற எனக்கும் அந்தப் பயம் உண்டு. இருந்தாலும் உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தலவாக்கலையிலிருந்து வட்டவளை வரை எந்த ஸ்டேஷனிலாவது, வெயில் காய்கிற நாளிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு, வருகிற ரயிலைப் பார்க்காமல் போன ரயிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஒருவர் நின்றால் அவர்தான். பக்கத்தில் போகாதீர்கள். போய்விட்டீர்களா? சரி, அனுபவியுங்கள். "உங்கள் குடும்பத்தில் சோகம் ஏதாவது உண்டா?" என்று கேட்பார். இல்லை என்றால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். உண்டு என்றால் பென்சிலை எடுப்பார். மூடுபனி இறங்கினால்தான் தமக்கு எழுத வரும் என்பார். பனி இறங்கினாலோ விரல் விறைத்துவிட்டது என்று கம்பளிக்குள் புகுந்துகொள்வார். எழுத ஆசைப்படுகிற இளைஞன் எவனாவது அகப்பட்டால் போதும், புத்திமதி மழைதான். "முதலில் முன்னுரையை எழுது, தம்பி. கதை வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் வரும். அனுபவத்தை எழுது. உனக்கு அனுபவம் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரருடையதை எழுது."

இந்தக் கடைசிப் புத்திமதியைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னவரே அதில் விழுந்து எழுந்த கதைதான் இனி வருவது.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தார் முத்துலிங்கம். மேலே சொன்ன நாவலாசிரிய இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. அவருக்கும் பெரிய கங்காணி செல்லசாமியின் மகள் பூரணிக்கும் கல்யாணப் பேச்சு நடந்து, பரிசத்துக்கு நாள் பார்க்கிற வரைக்கும் வந்திருந்தது. மனிதர் சும்மா இருந்திருக்கலாம். நாவல் போட்டார்.

அச்சுப்போட்டவர் ஹட்டனில் ரிஸ்வி. சின்ன அச்சகம். எட்டுப் பக்கத்துக்குத்தான் ஈய எழுத்து காணும். எட்டுப் பக்கம் கோப்பது, அடிப்பது, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போடுவது, மறுபடி அடுத்த எட்டுப் பக்கம் கோப்பது என்று ரயில் மலையேறுகிற மாதிரி நாவல் நகரும். மை ஈஷிக் கழித்துப் போட்ட தாளெல்லாம் பக்கத்திலுள்ள நஸார் நானாவின் மளிகைக் கடைக்குப் போகும். கடை தாளில் மிளகாய் மடித்துக் கொடுக்கும். மிளகாய் எந்த வீட்டுக்குப் போகும் என்று நாவலாசிரியர் யோசித்தாரா? எந்த நாவலாசிரியர் யோசித்திருக்கிறார்?

பெரிய கங்காணி வீட்டுக்குப் போயிற்று.

கங்காணியின் மனைவி வீரம்மா மிளகாயைக் கொட்டிவிட்டுத் தாளை எறியப்போனாள். எட்டாம் வகுப்பு வரை படித்த பூரணி அதைப் பிடுங்கி வாசித்தாள். பக்கத்தின் தலையிலே முத்துலிங்கத்தின் பெயர். கந்தப்பன் என்ற கொடுமைக்காரக் கங்காணி மீது உர மூட்டை லொறி கவிழ்கிறது. அவர் மூட்டைகளுக்கு அடியில் மாண்டு போகிறார். தோட்டமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது.

"அப்பா, இது நீங்கதான் போலருக்கு. கோட்டுக் காலர்ல கொடை மாட்டியிருக்காரு. தங்கப்பல்லும் இருக்கு."

அன்று மாலையே முத்துலிங்கத்துக்கு ஆள் போயிற்று.

"வாங்க கிளாக்கரையா," என்றார் செல்லசாமி. போன வாரம்வரை "மாப்ள" என்று கூப்பிட்ட வாய். முத்துலிங்கம் மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"மாமா, அது கற்பனைங்க. கந்தப்பன்னு வேற ஆளு."

"அந்த வேற ஆளு வாய்க்குள்ள எந் தங்கப்பல்லு எப்படிங்க போச்சு?"

நாவலாசிரியர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைக்கப் பார்த்தார். கங்காணி விடவில்லை.

"சாவு எல்லாருக்கும் வரும், அத விடுங்க. ஆனா ஒர மூட்டைக்கு அடியிலயா? எங்க வம்சத்துல புலி அடிச்சு செத்தவுக இருக்காங்க, காச்சல்ல போனவுக இருக்காங்க. ஒரத்துல போனவுக யாருமில்ல."

உள்ளேயிருந்து வீரம்மாவின் குரல் வந்தது. "நல்ல காரியம் பேசுற வீட்டுல எழவு விழுந்து போச்சு. மொதல்ல மனுசன உசுரோட எழுப்பிக் காட்டச் சொல்லுங்க. பொறவுதான் பரிசம்."

முத்துலிங்கம் அடுத்த பஸ்ஸிலேயே ஹட்டனுக்கு ஓடினார். அந்தப் பக்கத்தை மாற்ற முடியாது என்று ரிஸ்வி தலையை ஆட்டினார்.

"ஏலாது கிளாக்கர். அந்த எட்டுப் பக்கமும் அடிச்சாச்சு, எழுத்தையும் பிரிச்சாச்சு. அதே எழுத்துலதான் இப்ப ஒரு கலியாணக் கார்டு ஓடுது."

"யார் கல்யாணம்?"

"ஒங்கட இல்ல, பயப்படாதீங்க. மவுத்தான கங்காணிய இனி அடுத்த எட்டுப் பக்கத்துலதான் எழுப்பணும்."

எழுப்புவது பெரிய காரியமா? மூட்டைக்கு அடியில் கிடந்தது கங்காணி அல்ல, கங்காணியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போன வேறொருவர் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. யார் அந்த வேறொருவர்? இங்கேதான் மாட்டிக்கொண்டார். கணக்கப்பிள்ளை என்று எழுதினார். அதற்குள் செய்தி பரவி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகன் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுப்பதையே நிறுத்திவிட்டு வந்து சண்டை பிடித்தார். சரி, பூண்டுலோயாவிலிருந்து வந்த விருந்தாளி என்று மாற்றினார். பூண்டுலோயாவில் வீரம்மாவின் தம்பி இருந்தார். மளிகைக் கடைக்காரர் என்று மாற்றினார். "வாணாம் தம்பி," என்றார் நஸார் நானா, "அப்புறம் எந்தக் கடைக்காரர்னு சனம் கேக்கும். ஹட்டன்ல நாங்க எத்தன பேர் இரிக்கோம்?" கொழுந்தெடுக்கிற பெண்கள் மலையில் நிரை நிரையாக நின்றுகொண்டு, யாரைக் கொல்லலாம், யாரைக் கொல்லக்கூடாது என்று வாக்குவாதம் செய்தார்கள். ஒவ்வொருவரும் சொந்தக்காரரை விட்டுவிட்டு அடுத்த லயத்து வீடுகளைக் காட்டினார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு நாவலுக்கு அவ்வளவு வாசகர்கள் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை. புத்தகம் இன்னும் வெளிவரவே இல்லை என்பது வேறு விஷயம்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. பூரணியை வேறு இடத்தில் கேட்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. முத்துலிங்கம் சாப்பாட்டை மறந்தார். அதைவிட மோசம், முன்னுரையையே மறந்தார்.

கடைசியில், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பூரணியே அவரை நிறுத்தினாள்.

"ஏங்க, எழுத்தாளர்னு ஒருத்தரப் போட்டுட்டா என்ன?"

"எழுத்தாளனையா? உரத்துக்கு அடியிலா?"

"ஆமாங்க. யாரும் தேடி வரமாட்டாங்க."

முத்துலிங்கம் கலைஞர். அந்தச் சொல் அவருக்கு எங்கே பட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் குடத்தோடு நிற்கிற பூரணியைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் எழுத்தாளனைக் கொன்றார்.

தோட்டத்தில் ஓர் ஆட்சேபணையும் இல்லை. கணக்கப்பிள்ளை சிரித்தார். நஸார் நானா இரண்டு பிரதி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரிய கங்காணி கால்மேல் கால் போட்டுக்கொண்டு முழு அத்தியாயத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"யாரு பெத்த புள்ளையோ. அவரு எதுக்கு என் கோட்ட வாங்கினாரு?"

"பாராட்டு விழாவுக்குப் போறதுக்குங்க. அவருக்குன்னு கோட்டு கெடையாது."

செல்லசாமியின் தங்கப்பல் மெல்ல வெளியே தெரிந்தது. "பொருத்தமாத்தான் எழுதியிருக்கீங்க, மாப்ள."

தை மாதம் கல்யாணம் நடந்தது. முத்துலிங்கம் இப்போதும் இளைஞர்களுக்குப் புத்திமதி சொல்கிறார், ஆனால் திருத்திச் சொல்கிறார்: "தம்பி, கொல்ல வேண்டுமானால் எழுத்தாளனைக் கொல். நியாயம் கேட்க நாதியில்லை."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, ரயிலில் எதிரே தூங்கி வழிகிற பெரியவரின் மீசையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தீர்களே, "இவரை எங்கேயாவது போடலாமே" என்று ஒரு நினைப்பு ஓடியதே, இல்லையா? ஓடியிருந்தால், பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் பெரியவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாளா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.