ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன பத்திரிகை

ஒன்றும் தெரியாதவனால் கல்யாணம் கெடாது. அவனிடம் யாரும் வேலை கொடுப்பதில்லை. முக்கால்வாசி தெரிந்தவனால்தான் கெடும். என் அக்கா மகள் யாழினியின் கல்யாணத்தில் அந்த முக்கால்வாசி நான்.

அச்சடித்த பத்திரிகை போதும் என்றார் அக்கா. நான்தான் இணையப் பத்திரிகை தயாரித்தேன். இரு குடும்பங்களும் கெடா மாநிலத்தின் எந்த ரப்பர்த் தோட்டத்தில் எந்தெந்த ஆண்டுகளில் இருந்தன என்ற குறிப்புகள், பழைய படங்கள் எல்லாம் சேர்த்தேன். (மண்டபம் எங்கே என்று பார்க்க ஏழு முறை விரலால் தள்ள வேண்டும்.) கணினி வேலை பார்க்கும் யாழினி, தானே செய்து தருவதாகச் சொன்னாள். கல்யாணப் பெண் வேலை செய்யக்கூடாது என்று தடுத்துவிட்டேன்.

சிடாம் கிரியில் இருக்கும் உறவினர்களிடமிருந்து புகார் வந்தது. "படம் வர்றதுக்குள்ள டீ ஆறிப்போயிடுது லா." அங்கே இணைய லைன் அப்படி. உடனே படிக்க உட்கார்ந்தேன். உலாவி ஒரு பக்கத்தை முதல்முறை திறக்கும்போது அதன் நகலைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறது. அதுதான் கேஷ். அந்த நகலையே எவ்வளவு காலம் காட்டலாம் என்று பக்கத்தை உருவாக்கியவர் சொல்லிவிடலாம்: ஒரு மணி நேரம், ஒரு நாள், ஓராண்டு. அடித்த பத்திரிகை மாறவா போகிறது? ஓராண்டு என்று எழுதினேன். அடுத்த முறை பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கையில் சுங்கைப்பட்டாணி மண்டபத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். பெண்டாங்கில் வேறு மண்டபம் கிடைத்தது. பக்கத்தைத் திருத்தினேன். என் கணினியில் புதிய முகவரி பளிச்சென்று தெரிந்தது. (வேலைக்கு வசதியாக என் உலாவியில் மட்டும் கேஷை நிறுத்தி வைத்திருந்தேன். முழு விபத்தும் இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.)

"எல்லாருக்கும் ஃபோன் அடிச்சு சொல்லிருடா," என்றார் அக்கா.

"எதுக்குக்கா? விவரம் மாறியிருக்கு, லிங்க்கைப் பாருங்கன்னு ஒரு மெசேஜ் போதும். வாயால சொன்னாதான் தப்பு வரும்."

நான் கேட்காததால் அக்காவே உறவினர்களில் பலருக்கு ஃபோன் அடித்தார். மேளம் மட்டும் என் பொறுப்பு. நாதஸ்வரக்காரர் பாலிங் கோவிந்தன் அண்ணன் என்னைப் போலவே ஒழுங்கானவர். லிங்க்கை முதல் நாளே திறந்து பார்த்தவர். என் செய்திக்குக் கட்டைவிரல் அனுப்பினார்.

ஞாயிறு காலை எட்டு ஐம்பது. ஒன்பதரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். மணவறையில் பெண், மாப்பிள்ளை, குருக்கள் எல்லாரும் இருந்தார்கள். மேளம் இல்லை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"டேவான் வாசல்லதான் தம்பி. மண்டபத்துக் கேட்டு பூட்டிக் கெடக்கு. நீங்கள்லாம் எங்க?"

"பெண்டாங்ல."

"இப்பகூட லிங்க்கைத் தொறந்து பாத்தேன் தம்பி. சுங்கைப்பட்டாணின்னுதான் போட்டிருக்கு."

அங்கிருந்து காடியை விரட்டி வந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும். மணவறையில் தலை குனிந்திருந்த யாழினி நிமிராமலே கேட்டாள்.

"மாமா, கேஷ் எவ்ளோ நாளைக்கு வெச்சீங்க?"

"ஒரு வருஷம்."

"அப்ப அடுத்த வருஷம் வரைக்கும் அவரு அங்கதான் நிப்பாரு."

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். லிங்க்கை அன்று காலைதான் முதல்முறை திறந்த சோம்பேறி உறவினர்கள் சரியாக வந்து பசியாறிக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்காகக் கவனமாகப் பார்த்துவந்தவர் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றார். அந்த நிலையிலும் எனக்கு அது சுவாரசியமாகத்தான் இருந்தது.

"என்னடா ரசிச்சிக்கிட்டு நிக்கிற?" அக்கா ஃபோனைப் பிடுங்கினார். "அண்ணே, அங்கயே வாசிங்க. நான் மைக்ல வெக்கிறேன்."

குருக்கள் கை காட்டியதும் நான் "கெட்டிமேளம்" என்று ஃபோனுக்குள் கத்தினேன். அது அங்கே போய், மேளம் இங்கே வருவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டாவதற்கு மேளம் கிடைத்தது. மூன்றாவதற்கு சுங்கைப்பட்டாணி லாரி ஒன்றின் ஹாரன். (காணொளியில் தெளிவாகக் கேட்கிறது.)

பத்து மணிக்கு வந்து சேர்ந்த அண்ணனின் ஃபோனில் பக்கத்தைக் கீழே இழுத்து, புதிதாக இறக்கிக் காட்டினேன். பெண்டாங் வந்தது.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான் அண்ணே."

யாழினிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வீட்டு விசேஷங்களுக்கு கோவிந்தன் அண்ணனைத்தான் அழைக்கிறோம். விவரம் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் எனக்கு ஃபோன் வரும்.

"தம்பி, இழுத்துப் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஃபோனைக் கொஞ்சம் அக்காகிட்ட குடுங்க."